ராணியம்மா, கொஞ்சம் இறங்கிக்குங்க!

எல்லவுக்குப் போய் இறங்கினால் முதலில் வரவேற்பவர் இராவணன்தான். அருவி அவர் பேரில். குகை அவர் பேரில். 2019-ல் இலங்கை முதன்முதலாக விண்ணுக்கு அனுப்பிய குட்டி சாட்டிலைட்டுக்குக்கூட ‘ராவணா-1’ என்றுதான் பெயர் வைத்தார்கள். சரி, அந்தக் குகையில் யாரை ஒளித்து வைத்திருந்ததாக ஊரில் சொல்கிறார்கள்? சீதையை. அவர் பேரில் இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், கோயில் இருக்கிறது, ஆனால் நுவரெலியாப் பக்கம் சீத்தா எலிய வரைக்கும் மலையேற வேண்டும் என்பார்கள். கடத்தியவருக்கு அருவி, குகை, சாட்டிலைட். கடத்தப்பட்டவருக்கு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு கோயில்.

எல்ல இருக்கிற இந்த ஊவாவில் பெரிய மனிதர் ஆவதற்கு என்ன தகுதி வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பதுளை டவுனில் சென் மார்க்ஸ் தேவாலயம் இருக்கிறது, மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டியது. மனிதர் நல்ல நிர்வாகி, ரோடெல்லாம் போட்டவர். மிச்ச நேரத்தில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று கணக்குச் சொல்வார்கள். 1845-ல் ஒருநாள் அப்புத்தளையில் நல்ல இடிமழை. கொஞ்சம் ஓய்ந்ததும், விட்டுவிட்டதா என்று பார்க்க வெளியே வந்து நின்றார். ஒரே மின்னல். யானைகள் கொடுத்திருந்த மனுவை மேலிடத்தில் அன்றைக்குத்தான் எடுத்தார்கள் போலிருக்கிறது.

அதே அப்புத்தளைக்கு மேலே ‘லிப்டன் சீட்’. சர் தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் மளிகைக்கடையில் தொடங்கியவர். 1890-ல் இங்கே வந்து தம்பதென்ன முதலான தோட்டங்களை வாங்கிப்போட்டார். விளம்பரத்தில் மன்னன். படகுப் பந்தயத்தில் பைத்தியம். அமெரிக்கக் கோப்பைக்காக 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை மோதி, ஐந்து தடவையும் தோற்றார். கடைசியில் அமெரிக்கர்களே மனம் பொறுக்காமல் காசு சேர்த்து, உலகத்திலேயே தங்கமான தோல்வியாளர் என்று ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். இவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்து ரசித்த மேடுதான் லிப்டன் சீட். உட்கார்ந்தவருக்கு சீட் என்று பேர் வைத்துவிட்டோம். அதைச் சுற்றியுள்ள சரிவில் நூற்று முப்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கும் பெண்கள் பேரில் ஒரு ‘ஸ்டாண்ட்’கூடக் கிடையாது.

ஓகோ, ஆம்பிளைகளைத் திட்டுகிற கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அம்மணிகளுக்கும் வைத்திருக்கிறேன்.

முதலில் இந்தப் பெண்கள் மலைக்கு எப்படி வந்தார்கள் என்று பார்த்துவிடலாம். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கிற சீசனுக்கு வருவார்கள், முடிந்ததும் காசை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்புவார்கள். 1869-ல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சணம் பிடித்தது. இருபது வருஷத்துக்குள் கோப்பி காலி, பல துரைமாரும் காலி. அடுத்து வந்த தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் முழுக்க, ஏறக்குறைய வாரத்துக்கொரு தடவை, அதே செடிக்கு வந்து கொழுந்தைக் கிள்ளியாக வேண்டும். விட்டால் இலை முத்திவிடும். சீசனுக்கு வந்து போகிற ஆளை வைத்து இந்த வேலை நடக்காது. ஆள் சேர்க்கும் கங்காணிமார் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவர ஆரம்பித்தார்கள். மலையகப் பெண்களின் வரலாற்றைத் திறந்து வைத்தவர் யார் என்று யாராவது கேட்டால், அந்தப் பூஞ்சணத்தைத்தான் மேடைக்கு அழைக்க வேண்டும்.

கொழுந்து எடுக்கப் பெண்கள்தான் லாயக்கு, அவர்கள் விரல் மென்மையானது என்று துரைமார் ஒரு தத்துவம் வைத்திருந்தார்கள். பங்களாவில் சாய்ந்துகொண்டு யோசித்தால் இப்படித்தான் தோன்றும். 1927-ல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆணுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது சதத்தை ஒட்டி, பெண்ணுக்கு நாற்பதை ஒட்டி. விரல் மென்மையாக இருந்தால் அதில் வைக்கிற காசும் வலிக்கக் கூடாதல்லவா, என்ன ஒரு கரிசனம்!

கொழுந்து நிறுக்கிற இடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எல்லவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரத்தில் ஒன்று அகப்படும். பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில் படங்கு, தலையில் கூடையின் கயிறு அழுத்திய பள்ளம், நகக்கண்ணில் தேயிலைக் கறை. அது சோப்புக்குப் போகாது. கூடையைத் தராசில் மாட்டுவார்கள். முள் ஒரு எண்ணில் நிற்கும். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் வேறு எண் எழுதுவார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முத்தின இலைக்கு இவ்வளவு என்று கழிவு. மழை பெய்தால் கழிவு கூடும். வெயிலடித்தால் கூடைக் கழிவு மட்டும் அசையாமல் நிற்கும். கேட்ட கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். முழு ஆள் வேலைக்கு வந்தாள், முழு நாள் நின்றாள், பேர் மட்டும் பாதி!

செல்வாக்கு மிக்க பெண்கள் என்று பத்திரிகைகள் வருஷா வருஷம் பட்டியல் போடுகின்றன. என்னைக் கேட்டால் இந்த வரிசைதான் செல்வாக்கு. இவர்கள் பத்து நாள் கூடையைக் கீழே வைத்தால் மலை முழுக்க இலை முத்திப்போகும், ஃபெக்டரியில் மெஷின் காற்றை அரைக்கும். 1940-ல் ஊவா முழுக்க அந்தப் பயத்தில் ஆடியது. கூட்டம் போடக் கூடாது என்று பதுளை மாஜிஸ்திரேட் தடை போட்டார். மே 12 அன்று இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா தடையை மீறிப் பதுளையில் பேசினார். வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, இனி இதைக் கேட்டுத்தான் நிர்வாகம் என்று துரையைச் சம்மதிக்க வைத்தார்கள். ஒழுங்கை நிலைநாட்டத் துப்பாக்கியோடு வந்த பொலிஸ்காரர்களிடமிருந்து துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். யானை சுட்ட மேஜருக்குத் தேவாலயம். துப்பாக்கி பிடுங்கிய தோட்டத்துக்கு? வழக்கு.

இன்றைக்கு எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தில் கோச்சி வருகிற நேரத்துக்கு இருநூறு கேமரா காத்திருக்கிறது. போகிற வழியில் கொழுந்தெடுக்கிற பெண்ணையும் நிறுத்தி ஒரு க்ளிக். இந்த வழக்கத்தின் முன்னோடிகளில் ஒரு பெண்மணியும் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன். பேரே கேமரன், நான் என்ன செய்ய? 48 வயதில் மகள் கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் கவிஞர்கள், விஞ்ஞானிகள் எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்துப் படுத்தியெடுத்தவர். அவர் கணவர் சார்ல்ஸுக்கு இலங்கையென்றால் உயிர், இங்கே தோட்டங்களும் இருந்தன. 1875-ல் இருவரும் கப்பலேறினார்கள். அந்த ஊரில் நல்லது கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும், பாலுக்கு ஒரு மாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள் என்று கதை. வெறும் பெட்டி போகிறதே என்று அதற்குள் பீங்கான் சாமான்களை அடுக்கிக்கொண்டார்களாம். இவ்வளவு பிளானிங் தெரிந்த அம்மாள் ஒரு தோட்டத்துக்குத் துரையாக வந்திருந்தால் லிப்டனுக்கு இங்கே வேலையே இருந்திருக்காது.

ஓவியர் மரியான் நோர்த் இவரைப் பார்க்க 1877-ல் களுத்துறைக்குப் போனார். கேமரன் அம்மாள் விடுவாரா? கொளுத்தும் வெயிலில் கம்பளி சுற்றி, பின்னால் தென்னோலை குத்திக்கொண்டிருக்க நிறுத்திவைத்து, ‘இயல்பாக இரு’ என்றாராம். அந்தக் காலத்துக் கேமரா நிமிஷக் கணக்கில் கண் கொட்டாமல் பார்க்கும் கேமரா. பெரிய இடத்து விருந்தாளிக்கே இந்தக் கதியென்றால் தோட்டத்துப் பெண்களின் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மரியான் நோர்த் தான் பட்ட பாட்டைப் புத்தகத்தில் எழுதிவிட்டார். அந்தப் படங்களில் முறைத்துக்கொண்டு நிற்கும் தமிழ்ப் பெண்கள் எழுதியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். கேமரன் அம்மாள் 1879-ல் மலையிலேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். எடுத்தவர் பேர் உலகப் புகழ். படத்தில் இருப்பவர் யார் என்றால், ‘தமிழ்ப் பெண்’. அரைப் பேர்கூட இல்லை.

சரி, மலைக்காரர்களை விடுங்கள். ராணிகளைப் பார்ப்போம். பண்டாரவளையிலிருந்து பதுளைப் பக்கம் வருகிற ரோட்டில் தோவ விகாரை. பாறையில் 38 அடி உயரத்துக்குப் புத்தர், செதுக்கி முடிக்காமல் நிற்கிறார். வலகம்பா மன்னர் ஒளிந்து திரிந்த காலத்தில் இங்கே தங்கியிருந்தார் என்பது ஊர்க்கதை. யாருக்குப் பயந்து ஒளிந்தார்? நம்மாட்களுக்குப் பயந்துதான். கி.மு. 103-ல் முடிசூட்டி ஐந்தே மாதத்தில் ஏழு தமிழர்கள் படையோடு மாதோட்டத்தில் வந்து இறங்கினார்கள். சண்டையில் மன்னர் தோற்றார். தேரில் ஏறிக் குடும்பத்தோடு ஓட்டம். வழியில் ஒரு சமணத் துறவி, கறுப்புச் சிங்களவன் ஓடுகிறான் என்று கூவினார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினான்கு வருஷம் கழித்து வந்து சமணரின் மடத்தை இடித்துவிட்டு அபயகிரி விகாரையைக் கட்டினார் என்கிறது மகாவம்சம். கோபத்தில் கமெண்ட் போடுகிறவர்கள் உண்டு. கோபத்தில் உலகப் புகழ்பெற்ற விகாரை கட்டிய மனிதர் இவர் ஒருவர்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது தேரைப் பற்றி. தேரில் மன்னர், கர்ப்பிணியான ராணி அனுலா, சின்ன இளவரசர்கள், இன்னொரு ராணி சோமாதேவி. பின்னால் எதிரி. குதிரையால் முடியவில்லை. ஓவர்லோட். எதையாவது இறக்கியாக வேண்டும். மன்னர் சுற்றிப் பார்த்தார். சோமாதேவி இறக்கப்பட்டார். சும்மா சொல்லக் கூடாது, தன் முடியிலிருந்த மணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறக்கினார். அதுவும் ராணியின் சம்மதத்தோடு என்று மகாவம்சம் பொறுப்பாகக் குறிப்பெழுதுகிறது. பின்னால் படை துரத்திவர, புருஷன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ‘ராணியம்மா, கொஞ்சம் இறங்கிக்குங்க’ என்றால் சம்மதிக்காமல் வேறு என்ன செய்வார்? இலங்கை வரலாற்றில் ‘தாமாக முன்வந்து ராஜினாமா’ என்பதன் முதல் கேஸ் இதுதான்.

வந்த ஏழு தமிழர்களில் ஒருவர் சோமாதேவியைக் கண்டதும் மயங்கி, ராஜ்யமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்கே திரும்பிப் போய்விட்டார். இன்னொருவர் புத்தரின் பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதி ஐந்து பேர் அநுராதபுரத்தில் ஆட்சி. முதலாமவர் ராஜா, இரண்டாமவர் சேனாதிபதி. சேனாதிபதி ராஜாவைக் கொன்று ராஜாவானார், மூன்றாமவரைச் சேனாதிபதியாக்கினார். மூன்றாமவர் இரண்டாமவரைக் கொன்றார், நான்காமவரைச் சேனாதிபதியாக்கினார். ஒருத்தருக்காவது, ‘இந்தப் பதவியைக் காலியாக வைத்தால் என்ன?’ என்று தோன்ற வேண்டுமே! பதினான்கு வருஷம் ஏழு மாதம் கழித்து வலகம்பா திரும்பிவந்தபோது கடைசி ஆள் மட்டும் மிச்சம், அவரையும் அவர் முடித்துவைத்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த ஏழு பேரில் கெட்டிக்காரர்கள் முதல் வாரமே வீட்டுக்குப் போன இரண்டு பேர்தான்.

மன்னர் அதோடு விடவில்லை. ஆளனுப்பிச் சோமாதேவியை அழைத்துவந்து மறுபடி ராணியாக்கினார், அவர் பேரில் சோமாராம என்று ஒரு மடமும் கட்டிக்கொடுத்தார். நல்ல மனிதர்தான், ஐயா. ஆனால் பதினான்கு வருஷம் அக்கரையில் இருந்த சோமாதேவியிடம், திரும்பி வருகிறீர்களா என்று யாராவது கேட்டார்களா? இறங்கும்போது சம்மதம் கேட்டதை எழுதிய மகாவம்சம், ஏறும்போது கேட்டதாக எழுதவில்லை.

தேரை விட்டு இறங்கவே மாட்டேன் என்ற ராணியும் உண்டு. வலகம்பாவின் அனுலா அல்ல, அரை நூற்றாண்டு கழித்து வந்த வேறொரு அனுலா. கணவர் சோரநாகனுக்கு விஷம். அடுத்தவருக்கு விஷம். பிறகு அரண்மனைக் காவலாளியைப் பிடித்து ராஜாவாக்கினார், அவருக்கும் விஷம். தமிழ்த் தச்சர் ஒருவர், விறகுக்காரர் ஒருவர், பிராமணப் புரோகிதர் ஒருவர் என்று நியமனங்கள் தொடர்ந்தன. கடைசியில் நான்கு மாதம் தானே ஆண்டார். இலங்கையின் முதல் ஆளும் அரசி! இதையெல்லாம் எழுதியவர் ஒரு பிக்கு, பெண்கள் ஆள்வதில் அவருக்கு அவ்வளவு பிரியம் இருந்திருக்காது. கொஞ்சம் உப்புக் காரம் கூட்டியிருக்கலாம். எப்படியும் தச்சர் முதல் விறகுக்காரர் வரை சாதாரண மனிதரை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன ஆட்சி அதற்குப் பிறகு வரவில்லை, உயரத்தில் எத்தனை நாள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரம் வருஷம் தாண்டிக் குதிப்போம், இடையில் நிறைய ராஜாக்கள், ஒன்றும் குறைந்துவிடாது. 1960 ஜூலை. சிறிமாவோ பண்டாரநாயக்க. உலகத்தின் முதல் பெண் பிரதமர். கணவர் கொலையான பிறகு மேடையேறியவரை ‘அழும் விதவை’ என்று எதிர்க்கட்சிக்காரர்கள் நக்கலடித்தார்கள். ஜெயித்த பிறகு யார் அழுதார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அப்போதெல்லாம் பெண்கள் அரசியலுக்குள் நுழையப் பெரும்பாலும் ஒரு வாசல்தான் இருந்தது. 1931-ல் அடலின் மொலமூரே வந்தது காலமான அப்பாவின் தொகுதிக்கு. 1932-ல் நேசம் சரவணமுத்து வந்தது பதவியிழந்த கணவரின் தொகுதிக்கு. தேரில் இடம் பிடிக்க வேண்டுமானால் ஏற்கெனவே இருந்த ஆண் விழ வேண்டும்.

இனி ஒரு பெண்ணே குதிரையைப் பிடித்திருக்கிறாள், யாரையும் இறக்க மாட்டாள் என்றுதானே நினைப்பீர்கள்? 1964 அக்டோபர் 30, சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். தேரில் இருந்தவர்கள் 975,000 மலையகத் தமிழர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையிலேயே விட்டுவிட்டார்கள். வலகம்பா சோமாதேவியிடம் ஒரு வார்த்தை கேட்டார், கையில் ஒரு மணியும் கொடுத்தார். அந்த ஸ்டாண்டர்டுக்கு இவர்கள் வரவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1974-ல், மிச்சக் கணக்கு எடுக்கப்பட்டது. இந்தப் பக்கம் சிறிமாவோ, அந்தப் பக்கம் இந்திரா காந்தி. உலகமே வியந்து பார்த்த இரண்டு பெண் பிரதமர்கள், நல்ல சிநேகிதிகள். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுச் சிநேகிதிகள் பில்லைப் பிரிப்பதுபோல உனக்கு 75,000, எனக்கு 75,000 என்று முடித்துக்கொண்டார்கள். அதே வருஷம் கச்சத்தீவும் கைமாறியது. அந்தத் தீவுக்காகத் தமிழ்நாட்டில் எலெக்ஷனுக்கு எலெக்ஷன் இன்றைக்கும் நரம்பு புடைக்கிறது. அந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? ஆள் இல்லாத தீவுக்கு அவ்வளவு ஆள், ஆட்களுக்கு ஆளே இல்லை.

மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஜனங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பேர் வைத்தார்கள். அதில் நான் ஜோக் அடிக்கப் போவதில்லை.

சிறிமாவோவையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1972-ல் நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்தபோது தன் குடும்பத்து நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். 1975-ல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களையெல்லாம் அரசுடைமையாக்கினார். எண்பத்து நான்கு வயதில், 2000 அக்டோபர் 10 அன்று, எலெக்ஷனில் வோட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தார், என்ன ஒரு கடமை! ஆனால் விதிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். 1980-ல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனா இவருடைய குடியியல் உரிமையைப் பறித்து ஏழு வருஷத்துக்கு வாயை அடைத்தார். வோட்டில்லாமல், நிற்க முடியாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று இந்த நாட்டில் யாரிடமாவது விசாரிக்க வேண்டுமென்று அப்போது அவருக்குத் தோன்றியிருந்தால், தோட்டத்து லயத்தில் லட்சக்கணக்கில் அனுபவசாலிகள் இருந்தார்கள்.

வோட்டென்றதும் ஒரு அருமையான ஆளைச் சொல்லாமல் போக முடியாது. 1927 கடைசியில் டொனமூர் கமிஷன் கொழும்புக்கு வந்தது. யாருக்கு வோட்டுக் கொடுக்கலாம் என்று விசாரணை. பட்டும் முத்துமாகச் சீமாட்டிகள் சங்கம் அமைத்துப் போய் நின்றார்கள். அவர்கள் கேட்டது முதலில் படித்த பெண்களுக்கும் வசதியுள்ள பெண்களுக்குந்தான். டொனமூர் பிரபு குறும்பாக ஒரு கேள்வி போட்டார்: தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வேண்டும்? மடக்கிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அக்னஸ் டி சில்வா என்ற அம்மாள் கண்ணிமைக்காமல், அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். கேட்டுவந்ததைவிடக் கூடுதலாகக் கேட்டுவிட்டோமே என்று பின்னாலிருந்த சீமாட்டிகள் சிலருக்குப் பக்கென்றிருக்கும்.

எதிர்த்தவர் யார் தெரியுமா? நம்ம சேர் பொன்னம்பலம் இராமநாதன். தமிழர் தலைவர், மகா மேதை. பெண் பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று 1913-ல் யாழ்ப்பாணத்தில் மகளிர் கல்லூரி திறந்தவர். மணந்ததோ அவுஸ்திரேலியப் பெண்மணியை. அந்த நாட்டுப் பெண்கள் 1902-லேயே வோட்டு வாங்கிவிட்டார்கள். இவ்வளவும் இருந்தும் சர்வசன வோட்டு வந்தால் நாடு கெட்டுப்போகும் என்று லண்டன் வரைக்கும் போய் வாதாடினார். பெண் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பாஸாகலாம், புள்ளடி மட்டும் போடத் தெரியாது என்பது அவர் கட்சி.

1931-ல் வோட்டு வந்தது. தோட்டத்துப் பெண்களுக்குக் குடியிருப்பு அத்தாட்சி, அது, இது என்று ஆயிரம் முட்டுக்கட்டை. தாண்டியவர்கள் போட்டார்கள். பிரான்ஸில் பெண்களுக்கு 1944 வரை வோட்டில்லை. சுவிட்சர்லாந்தில் 1971 வரை இல்லை. நினைத்துப் பாருங்கள், பதுளைத் தோட்டத்துப் பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போய் வோட்டுப் போட்டு நாற்பது வருஷம் கழித்துத்தான் சூரிச் பேங்க் முதலாளியின் மனைவி போட்டார். பெருமையாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அடுத்த வருஷம் வோட்டும் போனது. 1971-ல் சுவிஸ் பெண்மணி முதல் வோட்டைப் போட்டபோது, நம் பதுளைப் பெண்ணிடம் பெரும்பாலும் வோட்டும் இல்லை, நாடும் இல்லை.

இவ்வளவு தூரம் வந்தும் நம்ம ஆள் ஒருத்தரைச் சொல்லாமல் வைத்திருந்தேன். மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளருக்காகப் போராடிய கோ. நடேசய்யரின் மனைவி. நடேசய்யரைப் பற்றி எல்லாரும் ஆசையாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் கேஸ். அனுமதியோடு போகிறவர்களில் புடவை வியாபாரியும் ஒருவர். ஐயர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புடவை வியாபாரியாக வேஷம் கட்டி உள்ளே போய், லயங்களின் நிலைமையைப் பார்த்துவந்து துரைமார் ராஜ்யத்தைக் கிழித்து எழுதினார். அபாரமான துணிச்சல்! எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. லயத்துப் பெண்களிடம் புடவை விற்கப் போன மனிதர் அரை மணி நேரத்தில் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தார் என்றால், கரைக்கும் முந்திக்கும் வித்தியாசத்தை வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

1924-ல் அவர்கள் ‘தேசபக்தன்’ பத்திரிகை தொடங்கினார்கள். ஐயர் சட்டசபை, கூட்டம், கேஸ் என்று அலைகையில் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டது மீனாட்சியம்மாள். பெண்களுக்கு வோட்டு வேண்டும் என்று எழுதினார். ஐயர் தோட்டம் தோட்டமாகப் போனபோது அவரும் போனார். கூட்டமென்றால் என்ன, துரையின் எல்லைக்கு வெளியே ரோட்டோரத்தில் நிற்கிற கூட்டம். முதலில் இந்த அம்மாள் பாடுவார். பாரதியார் பாட்டின் மெட்டு, ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டு. வார்த்தை மட்டும் கூலி, கங்காணி, கடன், பிரஜாவுரிமை. ஆட்கள் சேர்ந்த பிறகுதான் தலைவர்மார் பேச்சு. பேச்சைத் துரையால் தடுக்க முடியும், நோட்டீஸ் ஒட்டலாம், கேஸ் போடலாம். பாட்டுக்குக் கேட் பாஸ் தேவையில்லை. சாயங்காலம் கேட்டது விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நிற்பவள் வாயில் இருக்கும். சின்னத்துரைக்குத் தமிழ் அரைகுறை, சாமி பாட்டு என்று நினைத்துத் தலையாட்டியிருப்பார்.

1940-ல் அந்தப் பாட்டுகளை ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று சிறு நூலாகப் போட்டார். தலைப்பைப் பாருங்கள், பாட்டுப் புத்தகமா, அரசாங்க அறிக்கையா என்று சந்தேகம் வருகிறது. அதுதான் விஷயமும். அறிக்கை எழுதவேண்டியவர்கள் எழுதாததால் அந்த அம்மாள் அதை ராகம் போட்டுப் பாடவேண்டியிருந்தது. ஐயர் பேரைத் தொழிற்சங்கத் தலைவர்கள் எல்லாரும் வருஷந்தோறும் நினைவுகூர்கிறார்கள், மாலை போடுகிறார்கள். அம்மாளை ‘அவருடைய துணைவியார்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சாளரை அழைக்கிறார்கள். மைக் இல்லாத காலத்தில் மலைக்கு மலை கேட்ட குரலுக்கு, மைக் வந்த பிறகு ஒரு வரி!

1984-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே சம்பளம் என்றானது. வெற்றிதான், சந்தேகமில்லை. கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான் வெட்டு என்று ஆண்களுக்குத் துண்டு வேலை, மத்தியானத்தோடு பலர் வீட்டுக்கு வந்துவிடலாம். கொழுந்துக்காரி சாயங்காலம் கடைசித் தராசு வரை நிற்பாள். விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வந்தவள் அவள். அதற்குச் சம்பளப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. சரி, காசாவது சமமாக வந்ததே என்றால், சம்பள நாளில் பல தோட்டங்களில் மனைவியின் காசையும் சேர்த்து வாங்க வந்து நின்றவர் புருஷன். மத்தியானமே வீட்டுக்கு வந்தவருக்கு அதற்கு நேரமும் இருந்தது.

1947-ல் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறுவருஷமே அவரை அனுப்பியவர்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 2024 நவம்பரில் அதே பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் ஜெயித்துப் போனார்கள். தேர்தலில் வென்று சபைக்குள் போன முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். அப்பா தொகுதியுமில்லை, புருஷன் தொகுதியுமில்லை. மலையில் வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதைப் பாராளுமன்றம் கண்டுபிடிக்க இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது, அவசரப்பட்டு முடிவெடுத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இனி அங்கே அவர்கள் எழுந்து பேசும்போது நேரத்தைக் குறிப்பவர் பக்கத்தில் யாராவது கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் தேவலை. கூடைக்கு ஒரு நிமிஷம், ஈரத்துக்கு ஒரு நிமிஷம் என்று கழித்துவிடப் போகிறார்கள்.